நாலு மணிக்கு ஒரு ரிங்

ஒரே ஒரு ரிங்.
அது முடிவதற்குள் துண்டித்துவிட வேண்டும்.
எழுந்துவிட்டால் அவளிடமிருந்து ஒரு ரிங் வரும்.
அவளும் துண்டித்துவிடுவாள்.
பதினாறு மாதமாக போனில் இவ்வளவுதான் பேச்சு,
ஒரு ஃபில்ஸ் செலவில்லாமல்.

ஃபர்வானியாவில் ஆஸ்பத்திரி லாண்டரியில்
எனக்கு ராத்திரி வேலை.
நாலு மணிக்கு மூன்றாம் மெஷின் நிற்கும்.
விரிப்புகளை வெளியே இழுப்பதற்கு முன்
கையைச் சீருடையில் துடைத்துக்கொண்டு
அவள் நம்பரைத் தொடுவேன்.

அப்பாஸியாவில் ஆறு பேர் படுக்கும் அறை,
மேல்கட்டிலில் பெல்சிட்டா.
விளக்குப் போடக் கூடாது.
புத்தகத்தோடு இறங்கிப் போய்
ஃபிரிட்ஜுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில்
அரிசி மூட்டைமேல் உட்காருவாள்.
அஞ்சேமுக்காலுக்கு நர்சரிப் பள்ளி வேன்.
அங்கே அவள் ஆயா.

நாற்பத்துமூன்று வயதில் பி.காம்.
'எதுக்குடி இப்ப?' என்று முதலில் கேட்டவள் நான்தான்.
மறைக்கப் போவதில்லை.
'பன்னெண்டாவதுல ஆயிரத்து நாலு மார்க்குக்கா' என்றாள்,
அடகில் கிடக்கும் நகையின் எடை சொல்வதுபோல.

சேருவதே பெரும்பாடு.
மார்க் ஷீட்டில் சூ. பெல்சிட்டா,
பாஸ்போர்ட்டில் பெல்சிட்டா ஜெரால்டு.
இரண்டும் ஒருத்திதான் என்று ஒரு முத்திரை வாங்க
இரண்டு நாள் சம்பளம்.
முத்திரை குத்தியவர்
அந்த ஒருத்தியை நிமிர்ந்தே பார்க்கவில்லையாம்.

அந்த மாதச் சீட்டு வளர்மதியுடையது.
மகளுக்குக் கம்மல் என்று வைத்திருந்தாள்.
'காது எங்கயும் ஓடிப் போயிராது, பீஸைக் கட்டு' என்று
எண்ணிக் கொடுத்துவிட்டு
ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.
கொடுத்தது கொடுத்ததுதான்,
வருத்தமும் வருத்தம்தான்.

மட்டக்களப்புப் புவனேஸ்வரி,
வேலை பார்க்கும் வீட்டில் கழித்துப் போட்ட தாள்களை
வெள்ளிக்கிழமை மாதா கோயில் வாசலில் கொண்டுவந்து தருவாள்.
'வடிவா எழுதுங்கோ.'
முன்பக்கம் யாருடையதோ லட்சம் தினார்,
பின்பக்கம் இவளுடைய பற்றும் வரவும்.

நான் அஞ்சாவதோடு நின்றவள்.
என்னிடம் கொடுப்பதற்கு இருந்தது
விழித்திருக்கும் ராத்திரி மட்டும்.

அதற்கும் வந்தது வம்பு.
நாலு மணிக்கு யாரோ கூப்பிடுகிறான் என்று
அறையிலிருந்து கடல் தாண்டித் தூத்துக்குடி போயிருக்கிறது.
அவள் புருஷன் என்னைக் கூப்பிட்டான்.
'தம்பி, இந்தச் சத்தம் கேக்குதா?
மெஷின். துணி துவைக்கிறேன்' என்று
போனை அதன் வாயருகே கொஞ்ச நேரம் பிடித்தேன்.

சில நாள் பதில் ரிங் வராது.
மறுபடி அடிக்க மாட்டேன்.
அன்றைக்கு விரிப்புகளை மெதுவாக உதறுவேன்,
நாலு கிலோமீட்டர் தள்ளித் தூங்குகிறவளுக்குக்
கேட்டுவிடுமோ என்பதுபோல.

நேற்று பகலில், நான் தூங்கும் நேரத்தில், ஒரு ரிங்.
இரண்டு. மூன்று.
துண்டிக்க மறந்துவிட்டாளோ?
பயந்துபோய் எடுத்தேன்.

'அக்கா, அஞ்சுல நாலு.'
'எது போச்சு?'
'காஸ்ட் அக்கவுண்டிங். முப்பத்தொண்ணு.'

அதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.
காசு போகிற இரைச்சல் காதுக்குள் கேட்டது.
மூக்கை உறிஞ்சுகிறாளா,
பள்ளிக்கூடத்து ஏசியா?

'நாளைக்கு அடிக்கவா?'
'நாலேகாலுக்கு அடிங்க.
ஒரு வாரத்துக்குக் கால்மணி கூடத் தூங்கிக்கிறேன்.'

மூன்றாம் மெஷினுக்கு இதெல்லாம் தெரியாது.
நாலுக்கே நின்றுவிட்டது.
விரிப்புகள் உள்ளே ஈரத்தோடு கிடக்கின்றன.
சூப்பர்வைசர் வருவதற்குள்
இன்னும் பதினோரு நிமிஷம் போக வேண்டும்.
கை காய்ந்துவிட்டது.